யாழை மீட்ட அடிகள்

ஆண்டுதோறும் ஆடி மாதம் பிறந்ததும் விபுலாநந்த அடிகளாரின் திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டி, தேவாரம் ஓதி, இரண்டொரு சொற்பொழிவுகளைக் கேட்டுக் கலைந்து செல்வது எமது சங்கத்தில் வழக்கமாகிவிட்டது. அடிகள் துறவி என்கிறோம், கல்விமான் என்கிறோம், முத்தமிழ் வித்தகர் என்கிறோம். யாவும் உண்மையே. ஆயினும் தம் வாழ்நாளின் பிற்பகுதியை ஒப்புக்கொடுத்து அவர் இயற்றிய யாழ்நூலை விரித்துப் பார்த்தவர் எம்முள் எத்தனை பேர்? எமது நூலக அலமாரியிலுள்ள படி இன்றும் மெருகு குலையாமல் இருப்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம். அக்குறையைச் சிறிதளவேனும் நீக்கும் எண்ணத்தோடு, நரம்பொலியை ஆராய்ந்த விஞ்ஞானி என்ற கோணத்தில் அடிகளின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம். இளைஞர்கள் பொறுமையோடு வாசிப்பார்களாக. பெரியோர்கள் குறை கண்டால் திருத்துவார்களாக.

பிறப்பும் கல்வியும்

கிழக்கிலங்கையில் காரைதீவு என்னும் ஊரில் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக 1892-ஆம் ஆண்டில் அடிகள் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாவது வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். சில காலம் ஆசிரியத் தொழில் பார்த்தபின் கொழும்புக்குச் சென்று ஆசிரிய பயிற்சி பெற்றார்.

அவரது வாழ்வின் திறவுகோல் 1916-ஆம் ஆண்டில் இருக்கிறதென்பது எமது துணிபு. அவ்வோராண்டிலேயே கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமாவையும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும் அவர் பெற்றார். பகலில் பௌதிகமும் இரவில் தொல்காப்பியமும் என்று இரண்டையும் ஒருங்கே பற்றிக்கொண்ட இளைஞர் அக்காலத்தில் அரியர். இக்காலத்தில் அதனினும் அரியர். அதன்பின் யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். உத்தியோகமும் மதிப்பும் கைகூடிய அந்நிலையில் அவற்றை உதறிவிட்டு, 1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயரோடு பிரமசரிய விரதம் காத்து, 1924-இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றுச் சுவாமி விபுலாநந்தர் ஆனார். மடத்தின் இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் ஏடுகளுக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

எமது ஊரும் அடிகளும்

1925-இல் அடிகள் ஈழத்துக்கு மீண்டதும் இராமகிருஷ்ண மிஷனின் கல்விப்பணி வேகம் கொண்டது. எமது திருக்கோணமலை இந்துக் கல்லூரி அவ்வாண்டிலேயே மிஷனின் பொறுப்புக்கு வந்தது. அடிகள் அதன் அதிபராகவும் அமர்ந்து பணியாற்றினார். மட்டக்களப்பில் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்ததும் அவரது முயற்சியினாலேயே. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தந்து கற்பித்த இல்லங்களை நடத்திய சிரமம் தனியே எழுதத் தக்கது.

சுவாமி மலையின்மேல் நின்று துறைமுகத்தை நோக்கியவர்க்குத் தோன்றாமற் போகாத கதையொன்று இங்கே உண்டு. இராவணன் தன் நரம்பையே தந்தியாகப் பூட்டிச் சாமகானம் இசைத்து ஈசனை மகிழ்வித்தான் என்பது அது. கதையைக் கதையாகவே கொள்வோம். எனினும் உடலிலுள்ள நரம்புக்கும், யாழில் கட்டும் தந்திக்கும், அதிலிருந்து பிறக்கும் சுரத்துக்கும் தமிழர் நரம்பு என்னும் ஒரே சொல்லை வழங்கினர் என்பது கதையன்று. திருஞானசம்பந்தர் கோணேசர்மேல் பாடிய பதிகம் புறநீர்மை என்னும் பண்ணில் அமைந்தது. அப்பதிகத்தை நாம் சிறுவயது முதல் ஓதி வருகிறோம். அந்தப் பண் பழங்காலத்தில் எவ்வாறு ஒலித்தது, எந்த நரம்புகளைத் தொட்டது என்று கேட்டவர் சிலரே. அக்கேள்வியைக் கேட்டு விடையும் தேடப் புறப்பட்டவர் அடிகள்.

தேடலின் தொடக்கம்

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக அடிகள் அழைக்கப்பட்டார். பாரதியார் பாடல்களைப் புலவருலகம் புறக்கணித்திருந்த அக்காலத்தில், மாணவரிடையே அவற்றைப் பரப்பினார். அவ்வாண்டுகளில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அவர் உள்ளம் பதிந்தது. இளங்கோவடிகள் அங்கே யாழ் ஆசிரியனின் இலக்கணத்தைக் கூறுகிறார். உரையாசிரியர்கள் விளக்கம் தருகின்றனர். ஆனால் அவ்வுரைகளைக் கொண்டு யாழொன்றைச் செய்து சுருதி கூட்டி இசைக்கவல்லார் ஒருவரும் நாட்டில் இல்லை. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று நரம்புகளின் எண்ணிக்கை மட்டும் எஞ்சியிருந்தது. கருவி மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அமராவதி போன்ற இடங்களின் பழஞ்சிற்பங்களில் வில்போல் வளைந்த யாழைக் காணலாம். கல்லில் உள்ள யாழுக்கு ஓசை ஏது?

அடிகளுக்கு முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டு, ஒரு தானத்துக்குள் சுருதிகள் 24 என்று வாதித்திருந்தார். அடிகள் இளங்கோவின் வழிநின்று 22 என்றே கொண்டார். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று அலகுகளைக் கூட்டினால் 22 வரும். கூட்டலைப் பள்ளிப் பிள்ளையும் செய்யும். அந்த அலகு ஒவ்வொன்றும் எத்தனை அதிர்வைக் குறிக்கிறது என்பதே வினா. அங்கேதான் பண்டிதர் பட்டத்துக்கும் விஞ்ஞானப் பட்டத்துக்கும் ஒருங்கே வேலை வந்தது.

நரம்பின் கணக்கு

இழுத்துக் கட்டிய நரம்பொன்று விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அதுவே அதன் மீடிறன். நரம்பின் நீளம் பாதியானால் மீடிறன் இரட்டிக்கும். இழுவை நான்கு மடங்கானாலும் அதுவே நிகழும். பாடசாலைச் சுரமானியில் இதனை எவரும் செய்து பார்க்கலாம். நரம்பின் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஒலிக்கவிட்டால், குரலுக்கு 3:2 என்ற விகிதத்தில் இளி கிடைக்கும். குரல் 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால் இளி 360 அதிர்வாகும். நான்கில் மூன்று பங்கை ஒலிக்கவிட்டால் 320 அதிர்வில் உழை பிறக்கும்.

நரம்புகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும் முறையைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. தாரத்திலிருந்து உழையும், உழையிலிருந்து குரலும், குரலிலிருந்து இளியும், இளியிலிருந்து துத்தமும், அதிலிருந்து விளரியும், விளரியிலிருந்து கைக்கிளையும் தோன்றும். ஒவ்வொன்றும் தன் முன்னதற்கு இளியாய் நிற்கும். இவ்வாறு வரும் ஏழு நரம்புகளையும் குரல் முதலாக அடுக்கினால் இன்று அரிகாம்போதி என்று பாடப்படும் இராகத்தின் சுரங்கள் அமைகின்றன. பழந்தமிழரின் செம்பாலை இதுவே என்று அடிகள் நிறுவினார். குரலை வேறொரு நரம்புக்கு மாற்றி வைக்கவே புதிய பாலை ஒன்று பிறக்கிறது. இவ்வாறு ஏழு பெரும்பாலைகளும் கணக்கின் வழியே விளங்கின.

ஆனால் இக்கணக்கில் ஒரு முள்ளும் உண்டு. இளி வழியே பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால் ஏழு தானங்களைக் கடந்து தொடங்கிய நரம்புக்கே வந்து சேரவேண்டும். வருவதில்லை. நூற்றில் ஏறத்தாழ 1.4 பங்கு மிகுதி நிற்கும். கிரேக்க நாட்டுப் பைதகரசின் வழிவந்தோரையும் சீன நாட்டு இசைவாணரையும் இம்மிகுதி வாட்டியிருக்கிறது. செவிக்குப் பிடிபடுமோ படாதோ என்னும் அளவு அது. அச்சிறு வேறுபாட்டைக் கண்டு ஒதுக்காமல், அலகுகளின் அளவை விகிதங்களால் கணித்து வரிசைப்படுத்த அடிகள் உழைத்தார். தமிழ் இசை நூலொன்றில் பின்னங்களும் அட்டவணைகளும் பக்கம் பக்கமாக வருவதைக் கண்டு இலக்கியம் கற்றோர் மருண்டனர். கணிதம் கற்றோரோ பழந்தமிழ் நடையைக் கண்டு மருண்டனர். யாழ்நூல் இன்றுவரை வாசிப்பார் குறைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நரம்பொலியின் பிறப்பும் ஒடுக்கமும்

நரம்பொன்று ஒரே மீடிறனில் மட்டும் அதிர்வதில்லை. முழு நீளமாக அதிரும்போதே இரண்டு பாகமாகவும், மூன்று பாகமாகவும், நான்கு பாகமாகவும் அது அதிர்கிறது. 240 அதிர்வுள்ள குரல் நரம்பை மீட்டினால் 480, 720, 960 என்ற மேற்றொனிகளும் உடன் பிறக்கும். எந்த மேற்றொனி எவ்வளவு வலிமையோடு நிற்கிறது என்பதைப் பொறுத்தே வீணையின் குரல் வேறு, யாழின் குரல் வேறு என்று காது அறிகிறது. மீட்டும் இடமும் இதனை மாற்றும். நரம்பின் நட்டநடுவில் மீட்டினால், அவ்விடத்தைக் கணுவாகக் கொண்ட இரட்டைப்படை மேற்றொனிகள் எழா. ஓசை குழிந்து கேட்கும். ஓரத்தில் மீட்டினால் ஓசை கூர்மையாகும்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. மீட்டிய கணத்தில் கேட்கும் ஓசையும் இரண்டு விநாடி கழித்துக் கேட்கும் ஓசையும் ஒன்றல்ல. உயர்ந்த மேற்றொனிகள் விரைவில் ஓய்ந்துவிடும். தாழ்ந்தவை நிலைத்து நிற்கும். ஆகவே ஓசை பளிச்சென்று பிறந்து படிப்படியாக மென்மையடைந்து மறைகிறது. பலமாக மீட்டினால் நரம்பின் இழுவை சற்று மிகுந்து, சுருதியும் தொடக்கத்தில் ஒரு நூலிழை உயர்ந்து பின்பு இறங்கும். உலோகத் தந்தியைவிட விலங்கு நரம்பில் மேற்றொனிகள் இன்னும் விரைவாக அடங்கும்.

எமது இசைக்கருவிகளின் இவ்வியல்பை ஆராய்ந்தவர்களுள் முதல்வர் சர் சி. வி. இராமன். 1921-இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றில் தம்புராவையும் வீணையையும் எடுத்துக்கொண்டார். மீட்டும் இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்றொனி எழாது என்பது ஐரோப்பிய விஞ்ஞானிகள் கண்ட விதி. தம்புராவோ அவ்விதிக்கு அடங்கவில்லை. எழக்கூடாத மேற்றொனிகளும் அதில் நிறைந்து எழுந்தன. அதன் அகன்று வளைந்த குதிரையும், தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் நூலுமே அதற்குக் காரணம் என்று அவர் காட்டினார். தந்தி அதிரும்போதெல்லாம் குதிரையின் வளைவை உரசி உரசி மேற்றொனிகளுக்குப் புத்துயிர் ஊட்டுகிறது. நூலைச் சிறிது நகர்த்தித் தம்புராவுக்கு உயிர் கொடுக்கும் எமது முன்னோர் இதனைச் செவியால் அறிந்திருந்தனர்.

மாறிக்கொண்டேயிருக்கும் இவ்வொலியை அளப்பது எங்ஙனம்? துறைமுக இறங்குதுறையில் நிற்பவன் நிலையை எண்ணிப் பார்ப்போம். சில நிமிடங்கள் மட்டும் நீரைப் பார்த்தால் படகு எழுப்பிய அலை தெரியும், வற்றுப்பெருக்குத் தெரியாது. நாள் முழுவதும் பார்த்துச் சராசரி கண்டால் வற்றுப்பெருக்குத் தெரியும். படகு எந்தக் கணத்தில் கடந்தது என்பது மறைந்துவிடும். ஒலியும் அப்படியே. அதனைச் சிறு துண்டுகளாக வெட்டினால் நேரம் துல்லியமாகும், மீடிறன் மங்கும். நெடுந்துண்டாக எடுத்தால் மீடிறன் துல்லியமாகும், நேரம் மங்கும். இவ்விரண்டையும் ஒருங்கே எல்லையின்றிக் கூர்மையாக்க இயலாது என்பதைத் தெனிஸ் காபோர் என்னும் அறிஞர் 1946-இல் கணித வாயிலாக விளக்கினார். ஒலியைப் படமாக வரைந்து காட்டும் கருவியைப் பற்றிய நூலொன்று 1947-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. யாழ்நூல் வெளிவந்ததும் அதே 1947-ஆம் ஆண்டிலேயே. அத்தகைய கருவி ஒன்றும் இன்றி, பழைய நூல்களையும் கணக்கையும் தம் செவியையும் துணைக்கொண்டே அடிகள் உழைத்தார்.

அலைந்து தேடிய ஆண்டுகள்

இவ்வாராய்ச்சி ஒரே அறையில் அமைதியாக நடந்ததன்று. அண்ணாமலையை விட்டு 1933-இல் நீங்கியபின் மீண்டும் ஈழத்துப் பாடசாலைப் பணி அவரை அழைத்தது. சென்னையில் விஞ்ஞானச் சொற்களைத் தமிழாக்கும் கலைச்சொற் பணியிலும் தலைமை தாங்கினார். 1939 முதல் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் இருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில ஏட்டை நடத்தினார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். போன இடமெல்லாம் யாழும் உடன் சென்றது.

மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்து இரவுகளில் கேட்கும் மீனிசையும் அவரது சிந்தையைக் கவர்ந்தது. கல்லடிப் பாலத்தடியில் படகை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீருள் இட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் அவ்வொலி கேட்கும் என்பர் அவ்வூரார். பிறர் அதனை அதிசயம் என்று கேட்டுச் சென்றனர். அடிகளோ அவ்வோசையில் சுரங்களைத் தேடினார்; அதனைப் பாடலாகவும் புனைந்தார்.

அரங்கேற்றம்

பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களைக் கொண்ட யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அச்சேற்றியது. யாழின் பத்தர், கோடு, திவவு, ஆணி முதலிய உறுப்புக்களைப் பத்துப்பாட்டு முதலியவற்றால் தெளிந்து கூறும் பகுதி ஒன்று. நரம்பின் கணக்கைக் கூறும் பகுதி ஒன்று. தேவாரப் பண்களை ஆராயும் பகுதி ஒன்று. 1947 ஜூன் 5, 6 ஆகிய இரு நாட்களிலும் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நூல் அரங்கேறியது. ஓடக்காரனின்றி நின்ற ஓடத்தை ஞானசம்பந்தர் பதிகம் பாடிச் செலுத்திய தலம் அது. அடிகளின் ஆராய்ச்சியின்படி செய்யப்பெற்ற முளரியாழும், சுருதிவீணை முதலிய கருவிகளும் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. பன்னெடுங்காலம் சொல்லாக மட்டும் இருந்த யாழ் அன்று ஓசையாயிற்று.

அதன்பின் ஆறு வாரங்களே கழிந்தன. 1947 ஜூலை 19-ஆம் நாள் கொழும்பில் அடிகள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. தம் நூலைப் பிறர் ஐயுற்று வினவுவதற்கும், வினாவுக்கு அவர் விடை பகர்வதற்கும், பிழையெனக் கண்டதைத் திருத்துவதற்கும் அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

எஞ்சி நிற்கும் வேலை

ஈண்டு ஓர் உண்மையை மறைக்காமல் கூறுதல் வேண்டும். அடிகள் மீட்டுத் தந்தது யாழின் சுருதியை. அதன் குரலை முழுவதும் மீட்டார் என்று கூறுதல் பொருந்தாது. சுருதி கணக்குக்கு அகப்படும். 3:2 என்ற விகிதம் கரிகாலன் காலத்திலும் அதுவே, எமது காலத்திலும் அதுவே. ஆனால் நரம்பை மீட்டிய கணத்தில் எழுந்த மேற்றொனிகள் எவை, அவை எவ்வளவு நேரம் நின்றன, எவ்வாறு ஒடுங்கின என்பன மரத்தையும், போர்த்த தோலையும், முறுக்கிய நரம்பையும், மீட்டிய விரலையும் பொறுத்தவை. இவற்றை எந்தச் செய்யுளும் எண்ணால் எழுதி வைக்கவில்லை.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகத்தைத் தம் யாழில் இசைக்க இயலாமல் அக்கருவியையே உடைக்கத் துணிந்தார் பாணர். வீணையில் தந்தியை மெட்டின்மேல் இழுத்து வளைத்துச் சுருதியை அசைக்கலாம். யாழிலோ நரம்பொன்றுக்குச் சுரம் ஒன்றே. மிடற்றின் அசைவு முழுவதையும் அந்நரம்பால் பின்தொடர இயலாது. பாணர் அறிந்த அவ்வெல்லையை ஆராய்ச்சியாளனும் அறிந்திருத்தல் நன்று. ஐயத்துக்கு இடமுள்ளதை ஐயத்துக்கு இடமுள்ளது என்று சொல்வது அடிகளுக்கு இழுக்காகாது. விஞ்ஞானம் கற்ற அவர் அதனை விரும்பியே இருப்பார்.

இளைஞர்களே! எஞ்சிய வேலையைச் செய்யும் கருவி இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. கைத்தொலைபேசியிலே நரம்பொலியைப் பதிந்து, அதன் மேற்றொனிகள் கணத்துக்குக் கணம் எழுவதையும் தேய்வதையும் படமாகக் காணலாம். பாடசாலை ஆய்வுகூடத்துச் சுரமானியில் ஒரு தந்தியைக் கட்டி, நடுவில் ஒருமுறையும் ஓரத்தில் ஒருமுறையும் மீட்டி, இரு படங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோயில் ஓதுவாரின் தம்புராவில் நூலை வைத்தும் எடுத்தும் பதிந்து பாருங்கள். பின்பு யாழ்நூலைத் திறவுங்கள். முதற் பக்கங்கள் கடினமாக இருக்கும். தமிழ் கற்ற ஒருவரும் பௌதிகம் கற்ற ஒருவருமாக இருவர் கூடி அமர்ந்தால் விளங்காத இடம் விளங்கும். அவ்விருவரும் ஒருவரேயாக இருந்தவர் அடிகள். அத்தகைய ஒருவர் மீண்டும் தோன்றும்வரை, இருவராகவேனும் கூடிக் கற்போம்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். விஞ்ஞானப் பிரிவில் சேரும் பிள்ளையிடம் தமிழும் தேவாரமும் இனி உனக்கு எதற்கு என்று கூறாதிருங்கள். கலைப் பிரிவில் சேரும் பிள்ளையிடம் கணக்கு உனக்கு வராது என்றும் கூறாதிருங்கள். 1916-இல் மயில்வாகனன் என்னும் இளைஞரிடம் எவரேனும் அவ்வாறு கூறி, அவரும் அதற்குச் செவிசாய்த்திருந்தால் தமிழுக்கு யாழ்நூல் கிடைத்திராது.

வரும் ஆடியில் அடிகளின் படத்துக்கு மாலை சூட்டும்போது, அப்படத்தின் முன்னே யாழ்நூலின் ஒரு பக்கத்தையாவது வாசித்து விளக்கும் வழக்கத்தை எமது சங்கம் தொடங்குமாக. கோணேசர் திருவருளால் அப்பணி இனிது நிறைவேறுக. அடிகளார் திருநாமம் வாழ்க.